கம்பி கண்ணில் படும் நாட்கள்

பெங்களூரு ராமமூர்த்தி நகரில், 30க்கு 40 அடி மனையில் நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் இன்னும் ஒரு சுவர்கூட எழும்பவில்லை. 12 தூண்கள், அவற்றை இணைக்கும் பீம்கள், மேலே ஒரு தளம், பக்கவாட்டில் மாடிப்படி, இவ்வளவுதான் இப்போது நிற்கிறது. ஆனாலும் கடந்த மூன்று மாதங்களாக அலுவலகம் போகுமுன் ஒரு மணி நேரமும், திரும்பும் வழியில் அரை மணி நேரமும் அங்கே நின்று பார்த்ததில், வீடு கட்டுபவர் தவறாமல் உடனிருக்க வேண்டிய பருவம் இதுதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது. டைல்ஸ் பிடிக்காவிட்டால் பத்து ஆண்டு கழித்தும் மாற்றிக்கொள்ளலாம். பெயிண்டை அடுத்த தீபாவளிக்கே மாற்றலாம். தூணுக்குள் போன கம்பியைக் கான்கிரீட் மூடிவிட்டால் அதன்பின் யார் கண்ணிலும் அது படப்போவதில்லை.

என் தம்பி அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், ஏறக்குறைய இதே மாதங்களில் வீடு கட்டுகிறான். அவன் அனுப்பும் படங்களில் மரச்சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக வரிசைகட்டி நிற்கின்றன. வெறும் தரையாக இருந்த இடத்தில் சில வாரங்களுக்குள் கூரைச் சாய்வு வரைக்கும் முழு உருவம் தெரிந்துவிடுகிறது. ஒரு சன்னலை ஓரடி தள்ளி வைக்க வேண்டுமென்றால் தச்சர் ஆணியைப் பிடுங்கிச் சட்டத்தை நகர்த்திவிடுவார். நம் ஊரில் வீட்டின் எலும்பை வார்த்துத்தான் எடுக்க வேண்டும். பலகையால் அச்சுக் கட்டி, கம்பியைப் பின்னி, கலவையைக் கொட்டி, அது இறுகும் வரை தண்ணீர் விட்டுக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே கிடைக்கும் சில மணி நேரம்தான் திருத்துவதற்கான நேரம்.

வரைபடம் போடும்போதே எங்களுக்கு முதல் சிக்கல் வந்தது. 2022 செப்டம்பர் மழையில் நகரின் கிழக்குப் பகுதி மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் பேஸ்மட்டத்தைத் தாழ்வாக வைக்கச் சம்மதிக்க மாட்டார்கள். சாலையிலிருந்து 3 அடியாவது உயர்த்த வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஆனால் 71 வயதான அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சாய்தளம் அமைக்கலாமென்றால், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் 3 அடி உயரத்துக்கு 36 அடி நீளம் வேண்டும். எங்கள் மனையின் நீளமே 40 அடிதான். இரண்டு வாரம் பேசிப் பேசி, இரண்டரை அடி உயரம், ஆறு அங்குல ஏற்றத்தில் ஐந்து படிகள், ஒவ்வொரு படியும் ஓரடி அகலம், இரண்டு பக்கமும் கைப்பிடி என்ற இடத்தில் வந்து நின்றோம். ஆயத்த வரைபடத்தை வாங்கிக் கட்டாமல் நமக்கென்று வரைந்து கட்டுவதன் பயனை நான் முதலில் உணர்ந்தது இந்த அரையடிப் பேச்சில்தான்.

தரைமட்டத்து பீம்கள் போட்டு முடித்த நாளில் அறைகளெல்லாம் மிகவும் சிறியதாகத் தெரிந்தன. அம்மாவின் அறை 10க்கு 12 அடி. அதில் ஒரு கட்டிலும் அலமாரியும் எப்படி நுழையும் என்று வயிற்றைப் பிசைந்தது. சுவர் எழும்பாத அறை எப்போதும் அப்படித்தான் தெரியும், திறந்த வானத்தின் கீழே எந்த அளவும் சுருங்கிவிடும் என்று பொறியாளர் தேற்றினார். என் மனைவிக்கு அந்தத் தேறுதல் போதவில்லை. அவர் பழைய செய்தித்தாள்களை ஒட்டிக் கட்டிலின் அளவில் ஒன்றும் அலமாரியின் அளவில் ஒன்றுமாக வெட்டிக்கொண்டு வந்து, மண்ணில் விரித்து, நான்கு மூலையிலும் ஜல்லியை வைத்துவிட்டு, அலமாரிக் கதவைத் திறப்பதுபோல் கையை வீசிப் பார்த்தார். கதவு கட்டிலில் இடித்தது. அறையின் வாசலை 9 அங்குலம் தள்ளி வைக்க அன்றே வரைபடத்தில் குறித்துக்கொண்டோம்.

கம்பி வந்த நாளை மறக்க முடியாது. 40 அடி நீளக் கம்பிகளை நடுவில் மடக்கி லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும் என்று பொறியாளர் சொல்லிக் கொடுத்தார். 16 எம்.எம். கம்பி என்றால் மீட்டருக்கு 1.58 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி ஒன்றுக்கு 19 கிலோ. எடைமேடைச் சீட்டையும் கம்பிகளின் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒத்துப்போயின.

கம்பி கட்ட வந்தவர்கள் ராய்ச்சூர்ப் பக்கத்தினர். மேஸ்திரி தர்மபுரி மாவட்டத்துக்காரர். அவர்கள் கன்னடத்திலும் இவர் தமிழிலுமாகப் பேசிக்கொண்டாலும் வேலை ஒருபோதும் தடைப்படவில்லை. கம்பிக்கு இரண்டு மொழியிலும் கம்பி என்றே பெயர். கல்லும் நீரும்கூட ஏறக்குறைய ஒரே சொல்தான். இந்த நகரத்தில் இரண்டு மொழிகளைப் பற்றி எத்தனையோ சண்டைகளைக் கேட்டிருக்கிறேன். கட்டுமான இடத்தில் அந்தச் சொற்கள் கைமாறுவதைக் கேட்பது எனக்கு நிறைவாக இருந்தது.

முதல் குறை தூண்களில்தான் தென்பட்டது. நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிப் போடும் ரிங்குகளின் முனையை 135 பாகை வளைத்துத் தூணின் உட்புறமாகச் செலுத்த வேண்டும். அவசரத்தில் பல ரிங்குகளை 90 பாகையோடு நிறுத்தியிருந்தார்கள். நிலம் அதிர்ந்தாலோ, மேற்பூச்சாக இருக்கும் கான்கிரீட் உதிர்ந்தாலோ அந்த முனை விரிந்துகொள்ளும், பிறகு நெடுக்குக் கம்பிகளைப் பிடித்துவைக்க ஒன்றும் இருக்காது என்று பொறியாளர் கம்பிக்காரர்களிடமே பொறுமையாக விளக்கினார். நான்கு தூண்களின் ரிங்குகளை அவிழ்த்து மறுபடி வளைத்தார்கள். அரை நாள் போயிற்று. அந்த அரை நாளுக்கான கூலியை நானே கொடுத்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

மாடிப்படிக்குப் பலகை அடிக்கும்போது அம்மாவை அழைத்துப் போனேன். தரைத்தளத்திலேயே அவருடைய அறை இருந்தாலும், வடகம் போடவும் மிளகாய் காயவைக்கவும் மொட்டை மாடிக்குப் போகாமல் அவரால் இருக்க முடியாது. 10 அடி உயரத்தை 17 படிகளில் ஏறிவிடலாம் என்பது மேஸ்திரியின் வழக்கமான கணக்கு. அப்படிச் செய்தால் ஒரு படியின் ஏற்றம் 7 அங்குலத்தைச் சற்றே தாண்டும். 20 படிகள் என்றால் சரியாக 6 அங்குலம் வரும், ஆனால் கூடுதலான படிகளுக்கு இடம் வேண்டும். மேஸ்திரி வாதம் செய்யவில்லை. பலகைத் துண்டுகளை அடுக்கி 7 அங்குலத்தில் ஒரு மேடும் 6 அங்குலத்தில் ஒரு மேடும் செய்தார். "அம்மா, ரெண்டுலயும் ஏறிப் பாருங்க. எதுல முட்டி வலிக்குதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு முதலாவதில் ஏறியபோது உதட்டைக் கடித்ததை நான் பார்த்தேன். இரண்டாவதில் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு ஏறினார். "இதே வச்சுக்கோப்பா" என்றார். படிக்கட்டுக்கு அடியிலும் அருகிலுமாகத் திட்டமிட்டிருந்த சாமான் அறை சுருங்கிப்போனது. சுருங்கட்டும்.

தளம் போடுவதற்கு முந்தைய நாள் மாலையை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 850 சதுர அடிக்கு, கலவையைத் தாங்கும் சென்ட்ரிங் தகடு பரப்பி, அதன்மேல் கம்பிவலை பின்னி, மின்சாரக் குழாய்களும் மின்விசிறிக்கான பெட்டிகளும் பொருத்தி, கழிவறைப் பகுதியைத் தாழ்த்தி விட்டு, எல்லாம் தயாராக இருந்தது. பொறியாளர் காலணியைக் கழற்றிவிட்டு, கம்பிகளின் மேல் போட்ட பலகையில் நடந்தபடி ஒவ்வொரு பகுதியாகப் பார்த்தார். தகட்டுக்கும் கம்பிக்கும் இடையே, கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக் இருக்கிறதா என்று அங்கங்கே கையை விட்டுத் துழாவினார். தளத்தில் 20 மில்லிமீட்டர், பீமில் 25, தூணில் 40 என்று கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் இருந்தால்தான் ஈரம் கம்பியைத் தொடாது. பழைய வீடுகளில் கூரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இருபது மில்லிமீட்டரை மிச்சம் பிடித்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கும்.

முன்பக்கத்தில் தளம் மூன்றரை அடி வெளியே நீள்கிறது. அதற்குக் கீழே தூண் இல்லை. ஒரு பக்கம் மட்டும் பிடிமானம். மற்ற இடங்களில் தளம் நடுவில் கீழ்நோக்கித் தொய்யப் பார்ப்பதால் முக்கியக் கம்பி அடிப்பக்கத்தில் இருக்கும். இப்படி நீட்டிய பகுதியில் சுமை ஏறினால் மேல்பக்கம்தான் இழுபட்டுப் பிளக்கும், ஆகவே முக்கியக் கம்பி மேலே இருந்தாக வேண்டும். அன்று குழாய் பதித்தவர்கள் அந்த இடத்தின் மீது பலமுறை நடந்ததில் மேல்கம்பிகள் அமுங்கி, அடிக்கம்பிகளோடு ஒட்டிக் கிடந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் எதுவும் தெரியாது. கம்பிகளின் எண்ணிக்கை சரி, இடைவெளி சரி, கட்டுக்கம்பியும் சரி. பொறியாளர் குனிந்து ஒரு கம்பியை விரலால் தூக்கியபோது அது இரண்டரை அங்குலம் மேலே வந்தது. மறுநாள் காலை அப்படியே கலவையைக் கொட்டியிருந்தால், பின்னொரு நாள் அங்கே நாற்காலி போட்டு உட்காரும் எங்கள் காலடியில் அந்த இரண்டரை அங்குலப் பிழை இருந்திருக்கும். இரவு எட்டரை மணிக்கு, என் கைபேசி வெளிச்சத்தில், நான்கு பேர் உட்கார்ந்து கம்பியை வளைத்து நாற்காலி போலச் செய்து, மேல்கம்பிகளுக்கு அடியில் ஒவ்வொன்றாகச் செருகி உயர்த்தினார்கள். காலையில் யாரும் அந்தப் பக்கம் மிதிக்கக் கூடாது என்று மேஸ்திரி குறுக்கே கயிறு கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

தளம் போட்ட நாள் காலை ஆறு மணிக்கே லிஃப்ட் வைத்த மிக்சர் வந்துவிட்டது. எங்கள் சந்தில் பெரிய கலவை லாரி நுழையாது. சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவை; மணலென்று சொன்னாலும் அது கல்லுடைத்துச் செய்யும் எம் சாண்ட்தான். ஒரு மூட்டை சிமெண்ட் ஒன்றேகால் கன அடி என்பதால் அந்த அளவில் ஒரு மரப்பெட்டி செய்து, எத்தனை பாண்டு (சுமக்கும் சட்டி) கொட்டினால் பெட்டி நிறைகிறது என்று முதலில் அளந்துகொண்டோம். அதன்பின் சித்தாள் பெண்கள் எண்ணிக்கை தவறாமல் கொட்டினார்கள். அவர்களில் ஒருவர் சத்தமாக எண்ண, மற்றவர்கள் அந்தத் தாளத்துக்கு நடந்தார்கள். எல்லாவற்றிலும் கண்டிப்பு வேண்டியது தண்ணீரில்தான். மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறிமுறை ஐ.எஸ். 456 இந்தக் கலவைக்கு வகுத்திருக்கும் வரம்பு. தண்ணீர் கூடினால் கலவை இளகி எளிதாகப் பரவும். வேலை செய்பவரின் தோளுக்கு அது நல்லதுதான், கான்கிரீட்டின் வலிமைதான் குறைந்துபோகும். வெயில் ஏறிய பிறகு ஒரு வாளி அதிகம் ஊற்றக் கை நீண்டபோதெல்லாம் மேஸ்திரி தலையை அசைத்துத் தடுத்துவிட்டார். மாலை நான்கரைக்குள் ஏறக்குறைய 120 மூட்டை தீர்ந்தது. எல்லோருக்கும் பிரியாணி பரிமாறினோம். அம்மா அந்தப் பெண்களுக்குத் தன் கையால் ரவிக்கைத் துணியும் வெற்றிலைபாக்கும் கொடுத்தார்.

மறுநாள் தளத்தின் மேல் களிமண்ணும் மணலும் கலந்து பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். 2024 மார்ச்சில் நகரம் தண்ணீருக்குத் தவித்தபோது, கட்டுமானத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது எனக்கு நினைவிருந்தது. காவிரித் தண்ணீர் எத்தனை தூரத்திலிருந்து இந்த மேட்டுக்கு ஏறி வருகிறது என்பதை அறிந்தவன் அதைக் கான்கிரீட்டின் மேல் நிறுத்த மனம் ஒப்பமாட்டான். ஆழ்குழாய்த் தண்ணீரை டேங்கரில் வாங்கிக்கொண்டோம். நாங்கள் பயன்படுத்தியது சாம்பல் கலந்த சிமெண்ட் என்பதால் 14 நாட்கள் பாத்தி காயாமல் பார்த்துக்கொண்டேன். தூண்களுக்குச் சாக்குச் சுற்றி நனைத்தோம். காலையில் அந்தப் பாத்திகளில் வானம் சதுரம் சதுரமாகத் தெரியும். இரண்டு மைனாக்கள் தினமும் குளிக்க வந்தன.

பத்தாம் நாளிலேயே பலகைகளை அடுத்த வேலைக்குக் கொண்டுபோகச் சென்ட்ரிங்காரர் கேட்டார். அவருக்கு அது வாடகைக் கணக்கு, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பொறியாளர் 21 நாள் என்று சொல்லியிருந்ததால் மிச்ச நாட்களுக்கு நான் வாடகை கொடுத்து நிறுத்திவைத்தேன். தளத்தை அடியிலிருந்து தாங்கும் முட்டுகளை எடுப்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. அறைகளில் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கி எடுக்க வேண்டும். முன்பக்கம் நீட்டிய பகுதியில் வெளிமுனையில் தொடங்கி உள்நோக்கி வர வேண்டும். வார்த்த தளம் எந்தத் திசையில் சுமையைத் தாங்கப் போகிறதோ, அந்தத் திசையிலேயே அதற்குச் சுமையைப் பழக்குகிறார்கள். கடைசி முட்டு விழுந்தபோது நான் முன்பக்கத் தளத்தின் அடியில்தான் நின்றிருந்தேன். விரிசல் எதுவும் இல்லை. தகடுகளின் விளிம்பு பதிந்த கோடுகள் மட்டும் தெரிந்தன.

மூன்று வாரம் முட்டுக் காடாக இருந்த இடம் சட்டென்று கூடமாகிவிட்டது. தெற்கிலிருந்து காற்று வந்து வடக்கே போயிற்று. அறைகள் இப்போது சிறியதாகத் தெரியவில்லை. மேலே, பின்னாளில் மாடி எழுப்புவதற்காக விட்டுவைத்திருக்கும் தூண்கம்பிகளுக்குத் துருப்பிடிக்காமல் சிமெண்ட் பால் பூசியிருக்கிறார்கள். எந்தத் தூணில் எத்தனை கம்பி, எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்பதெல்லாம் அளவு நாடாவோடு எடுத்த படங்களாக என்னிடம் இருக்கின்றன. அறைவாரியாகப் பெயரிட்டு வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை சுவருக்கான கான்கிரீட் கற்கள், சாலிட் பிளாக், வந்து இறங்குகின்றன, சுவர் வேலை தொடங்கும். நேற்று மாலை அம்மா தன் அறையின் இடத்தில் நின்று, சன்னல் வரப்போகும் பக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் காற்று வாங்கினார். பக்கத்து வீட்டு முருங்கை அங்கிருந்து தெரிகிறதாம். சன்னலின் அடிமட்டத்தை இன்னும் நான்கு விரல் இறக்க முடியுமா என்று கேட்டார். மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன்.