மாடல் முன்னால் மூன்று நாள்: ஆயில் கலரில் முகம் வரையப் பழகுவோருக்கு

மூன்று நாள் பயிலரங்கில் சேருபவர்களில் பலர், வீட்டுக்கு எடுத்துப்போக முடிந்த படம் ஒன்று வேண்டும் என்ற கணக்கோடுதான் வருகிறார்கள். அந்த அவசரம் இரண்டாம் நாள் மதியமே அவர்களை இமைமயிர் போட வைத்துவிடும். மூக்கின் நிழலோ இன்னும் சரியான அடர்த்திக்கே வந்திருக்காது. எதை முதலில் முடிவு செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்ற வரிசையைக் கற்றுக்கொண்டு திரும்பினால் கட்டணம் வீண்போகவில்லை. படம் பாதியில் நின்றால் நிற்கட்டும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது: மாடல் நேரில் உட்காருவாரா, போட்டோவா? ஒரு மாடலுக்கு எத்தனை பேர்? போட்டோவைப் பார்த்து வரைவதென்றால் அதை வீட்டிலேயே செய்யலாம். கேமரா பெரும்பாலும் நிழலைக் கறுப்பாக மூடிவிடும். நேரில் பார்த்தால் அதே நிழலுக்குள் மூன்று நிறம் தெரியும். எட்டுப் பேரைத் தாண்டினால் ஓரத்தில் இருப்பவருக்குக் காதும் கன்னமும்தான் கிடைக்கும்.

வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். வடக்கு ஜன்னல் நல்லது என்று ஐரோப்பியப் பாடங்கள் சொல்லும். சென்னையில் அது வருடம் முழுக்கப் பொருந்தாது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயிலே வடக்கே சாய்ந்திருப்பதால் அந்த ஜன்னலிலும் நேர்வெயில் விழும். ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினால் சரியாகிவிடும். மேலே எரியும் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் நிழலின் எல்லையே தெரியாது.

பொருள்கள் அதிகம் வேண்டாம். 12×16 அங்குல கேன்வாஸ் போர்டு இரண்டு, பன்றிமுடி பிரஷ் 4, 6, 8 எண்களில் ஒவ்வொன்று, மென்மையான ரவுண்டு (வட்டமுனை) பிரஷ் ஒன்று, வண்ணம் கலக்கும் பேலட் கத்தி, பழைய பனியன் துணி. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் நான்கு வண்ணங்களே தொடக்கத்துக்குப் போதும்: வெள்ளை, யெல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்), வெர்மிலியன் என்ற சிவப்பு (இப்போது அதற்குப் பதில் காட்மியம் ரெட்), ஐவரி பிளாக். வெள்ளையோடு சேர்ந்தால் ஐவரி பிளாக் நீலச் சாயல் காட்டும். நம் ஊர் முகங்களுக்கு இவற்றோடு பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ரா அம்பர் (அடர்பழுப்பு), அல்ட்ராமரைன் (அடர்நீலம்) மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் பிரஷ் கழுவ மட்டும். அது பிசுக்கை விட்டுப்போகும், வண்ணத்தில் கலக்கக் கூடாது.

முதல் நாள் முழுக்க ரா அம்பர் ஒன்றுதான். ஆயில் கலரைக் கரைக்கும் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பலகை முழுக்கத் தடவி, துணியால் துடைத்து இளம்பழுப்பாக்குங்கள். வெள்ளைப் பலகையில் எந்த நிறமும் இருட்டாகத் தெரிந்து கண்ணை ஏமாற்றும் என்பதால்தான் இது. பிறகு உச்சந்தலைக்கும் தாடைக்கும் இரண்டு கோடு. இடையில் ஏழு, ஏழரை அங்குலம் இருக்கட்டும். ஆளின் உண்மையான அளவைத் தாண்டிய முகம் பூதாகரமாகத் தோன்றும். கண் தலையின் பாதி உயரத்தில் வரும். புதியவர்கள் தலைமுடியை மறந்து கண்ணை மேலே ஏற்றிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. புருவத்திலிருந்து மூக்கடி, மூக்கடியிலிருந்து தாடை, இரண்டும் ஏறத்தாழச் சமம்.

அடுத்து கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கண்குழி, மூக்கின் பக்கம், கன்னம், கழுத்து என்று தனித்தனியாகத் தெரிந்த நிழல்கள் ஒன்றாக ஒட்டி ஒரே வடிவமாகும். அந்த வடிவத்தை ஒரே அடர்த்தியில் நிரப்பி, வெளிச்சம் விழும் இடத்தைத் துணியால் துடைத்தெடுங்கள். ஐந்தடி தள்ளி நின்று பார்த்தால் கண்மணி இல்லாமலே ஆள் அடையாளம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வண்ணத்துக்குப் போகாதீர்கள். கைக்கண்ணாடியில் படத்தைத் திருப்பிப் பார்த்தால் சாய்ந்த கண்ணும் கோணல் வாயும் உடனே அகப்படும்.

மாடல் இருபது நிமிடம் உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் ஓய்வு. நாற்காலிக் காலையும் அவர் பாதத்தையும் சுற்றிச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். உட்கார உட்காரத் தோள் இறங்கும். காலையில் போட்ட தோளையே நம்புங்கள்.

இரண்டாம் நாள் காலை, பிரஷ்ஷைத் தொடுமுன் கத்தியால் ஐந்து குவியல் கலக்க வேண்டும்: நிழல், நிழலோரம், நடு, வெளிச்சம், உச்ச வெளிச்சம். இதற்கு ஒரு மணி நேரம் போனாலும் பரவாயில்லை. மாநிறத்துக்கும் கறுத்த தோலுக்கும் நடுக்குவியலை பர்ன்ட் சியன்னா, ஆக்கர், துளி அல்ட்ராமரைன் கொண்டு கலக்கலாம். அதை வெளிறச் செய்ய எல்லோரும் வெள்ளையைத்தான் எடுப்பார்கள். முகம் பவுடர் அப்பியதுபோல் ஆகிவிடும். முதலில் ஆக்கரும் சிவப்பும் சேர்த்து ஏற்றிவிட்டு, கடைசியாக வெள்ளையைச் சிறிதளவு தொடுங்கள். நெற்றியில் பளபளக்கும் இடம் மட்டும் வேறு. அங்கே ஜன்னல் வழியே தெரியும் வானமே பிரதிபலிக்கிறது, ஆகவே நீலம் கலந்த சாம்பல்தான் சரி. ஜன்னல் வெளிச்சம் குளிர்ச்சியானது என்பதால் நிழல் அதற்கு எதிராகச் சற்றே செம்மை காட்டும். மஞ்சள் பல்பு என்றால் தலைகீழ்.

நிழலை மெல்லியதாக, வெளிச்சத்தைத் தடிமனாக வையுங்கள். ஒரு தடவை வைத்தால் விட்டுவிட வேண்டும். ஈர வண்ணத்தின் மேல் நான்கைந்து முறை தேய்த்தால் அடியிலுள்ள நிறம் கிளம்பி எல்லாம் சேறாகும். நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் ஒரே பிரஷ்ஷைப் பயன்படுத்தினாலும் அதே கதிதான்.

கண், வாய் எல்லாம் மூன்றாம் நாளுக்கு. கண்ணின் வெண்பகுதி வெள்ளையல்ல. மேலிமை நிழலில் இருக்கும் மங்கிய சாம்பல். மேலுதடு இருண்டும் கீழுதடு வெளிச்சமாகவும் இருப்பது மேலிருந்து வரும் ஒளியால். உதட்டைச் சுற்றிக் கோடு போட்டால் முகம் பொம்மையாகிவிடும். தலைமுடி பின்னணியைத் தொடும் ஓரத்தை உலர்ந்த பிரஷ்ஷால் கலைத்துவிடுங்கள். கண்மணி ஒளிப்புள்ளி கடைசி, ஒரே தொடுகை.

மேலடுக்குகளில் மட்டும் ஆளிவிதை எண்ணெய் சேர்க்கலாம். எண்ணெய் மிகுந்த அடுக்கு கீழே போனால் மேலடுக்கு முன்பே காய்ந்து பின்னால் வெடிக்கும். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காற்றோடு வினைபுரியும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கலாம். தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும்.

காய்ந்ததும் சில இடங்கள் மங்கித் தெரியும். பலகை எண்ணெயை உறிஞ்சிக்கொண்டதால் வருவது அது, நிறம் மாறிவிடவில்லை. மேற்பரப்பு காய்ந்தபின் சிறிது ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்து மிச்சத்தைத் துடைத்தால் பழைய ஆழம் திரும்பும். வார்னிஷ் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். வெளிச்சப் பகுதி தடிமனாக இருந்தால் ஒரு வருடம் விட்டுவிடுங்கள்.