அட்டைப்பெட்டியில் விரித்த சேலை

மகள் பிறந்த நான்காம் நாள் மருத்துவமனையிலிருந்து பின்லாந்தின் எஸ்போ நகரத்தில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அன்று மாலையே கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்குக் காணொளி அழைப்பில் பேத்தியைக் காட்டினேன். முகத்தைப் பார்த்தவரை சிரித்துக்கொண்டிருந்த அம்மா, நான் கைப்பேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். "என்னடி இது, பிள்ளைய அட்டப்பெட்டியிலயா போட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டவர், என் பதிலுக்குக் காத்திராமல் அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பிள்ளை பெற்ற உடம்பில் அந்தக் கேள்வி தைத்த இடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அது கடையிலிருந்து வந்த வெற்றுப்பெட்டி இல்லை என்று விளக்க எனக்கு அன்று தெம்பில்லை. பின்லாந்தில் கேலா என்ற சமூகக் காப்பீட்டு நிறுவனம் கருவுற்ற தாய்மார்களுக்கு அனுப்பும் பேறுகாலப் பெட்டி அது. 1938இல் வருமானம் குறைந்த தாய்மார்களுக்கென்று தொடங்கி, 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் உரியதாயிற்று. கருவுற்ற நான்காம் மாதம் முடிவதற்குள் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பெட்டி வேண்டாம் என்பவர்கள் 170 யூரோ பணமாக வாங்கிக்கொள்ளலாம்; ஆனால் முதல் பிள்ளைக்குப் பெரும்பாலோர் பெட்டியைத்தான் கேட்கிறார்கள். நாங்களும் கேட்டோம். உடுப்புகள், பனிக்கால முழு அங்கி, துவாலை, நகம் வெட்டும் குட்டிக் கத்தரி என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிய பிறகு அடியில் ஒரு சிறிய மெத்தை இருந்தது. பொருள்களை எடுத்துவிட்டால் பெட்டியே படுக்கை. என்னைப் பிறந்தவுடன் முறத்தில் நெல் பரப்பிக் கிடத்தியதாகப் பாட்டி சொல்வார். முறத்தில் கிடந்தவளின் பிள்ளை பெட்டியில் கிடப்பதில் என்ன குறை என்று நான் கேட்டிருக்கலாம். ஆனால் அம்மா பெட்டியைப் பார்த்தா எழுந்து போனார்? அப்பாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சையால் பிரசவத்துக்கு வர முடியாமல் போன ஆற்றாமையைத்தான் அந்தப் பெட்டியின்மேல் இறக்கிவைத்தார்.

அதே ஆற்றாமை எங்களையும் வேறு விதமாகப் பிடித்தது. பிரசவத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களில் நாங்கள் வாங்கிக் குவித்த பொருள்களின் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் வீட்டில் இல்லாத ஓர் ஆளுக்கு ஈடாக வாங்கியதாகவே தெரிகிறது. பாட்டியின் மடிக்கு ஈடாக ஒரு சாய்வு இருக்கை. தூளி ஆட்ட ஆள் இல்லாததற்காக மின்சாரத்தில் தானே ஆடும் ஊஞ்சல். ஊஞ்சல் மட்டும் 150 யூரோ. மகள் அதில் மொத்தமாக அரைமணி நேரம் இருந்திருப்பாள். அது ஆடத் தொடங்கினாலே முகம் சுளித்து அழுவாள். புதிதாகப் பிள்ளை பெறப்போகிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: பிரசவத்துக்கு முன்னால் தூங்க ஓர் இடம், உடுத்தச் சில துணி, வெளியே கொண்டுபோக ஒரு தள்ளுவண்டி ஆகியவற்றுக்கு மேல் எதையும் வாங்காதீர்கள். மற்றதைப் பிள்ளை வந்து கேட்கட்டும். தனிமையில் கடைக்குப் போனால் கை நீண்டுவிடுகிறது.

அம்மா அழைப்பிலிருந்து எழுந்து போன மூன்று வாரத்தில் ஊரிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. வசம்பு, சுக்கு, கருகமணி வளையல், இவற்றுக்கு அடியில் அம்மாவின் பழைய நூல்சேலை ஒன்று. மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை. தூளி கட்டுவதற்காக அனுப்பியிருந்தார். என் தம்பி தூங்கிய தூளியும் அதே சேலைதான் என்று அப்பா சொன்னார். எங்கள் வீட்டுக் கூரையோ வழுவழுப்பான கான்கிரீட். கொக்கி என்ற பேச்சே இல்லை. வாடகை வீட்டில் உரிமையாளரைக் கேட்காமல் துளை போட முடியாது. கேட்டாலும் கூரையில் பிள்ளையைத் தொங்கவிடப் போகிறோம் என்று எந்த மொழியில் விளக்குவது? சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு ஒருநாள் முழுக்க அழுதேன். நாப்தலின் உருண்டையும் சம்பா அரிசியும் கலந்த எங்கள் வீட்டு மர பீரோவின் வாசனை அதில் அப்படியே இருந்தது.

பிறகு ஒரு நடைமுறைத் தேவை கண்ணில் பட்டது. பெட்டியின் மெத்தைக்கு விரிப்புப் போதவில்லை. பால் கக்குகிற பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று விரிப்பாவது வேண்டும். ஹெல்சிங்கி மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 2018 டிசம்பரில் திறக்கப்பட்ட 'ஓடி' என்ற பெரிய நூலகம் இருக்கிறது. அதன் இரண்டாம் தளத்தில் தையல் இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவருக்குப் பேருந்திலும் மெட்ரோவிலும் பயணச்சீட்டு வேண்டியதில்லை என்பதால், மாதின்குலா நிலையத்திலிருந்து அங்கே போய்வர எனக்கு ஒரு காசும் செலவாகவில்லை. கணவர் மகளை வைத்துக்கொள்ள, நான் சேலையை மேசையில் விரித்து அளந்தேன். சேலையின் அகலத்தை மெத்தையின் நீளவாக்கில் போட்டால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் உள்ளே செருகத் தாராளமாக மிச்சம் இருந்தது. குறுக்காக ஆறு துண்டுகள் போட்டேன். கரை இருக்கும் ஓரம் பிரியாது என்பதால் வெட்டிய பக்கங்களை மட்டும் மடித்துத் தைத்தால் போதும். ஆறு துண்டுக்குப் பன்னிரண்டு தையல். கத்தரி வைக்கும்போது கை நடுங்கியது. முந்தானையை வெட்டவில்லை, அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இப்படி ஒவ்வொரு விரிப்பின் இரு முனையிலும் அரக்குக் கரை வந்துவிட்டது. அன்றிரவு அட்டைப்பெட்டிக்குள் மாம்பழ நிறத்தில் மகள் படுத்திருந்ததைப் பார்த்தபோது, இந்த ஊரில் எங்களுக்கும் ஒரு குடும்பம் அமைந்துவிட்டது என்ற எண்ணம் முதல்முறையாக வந்தது. அப்படி நினைத்த மறுகணமே, தம்பியின் தூளியை ஆட்டியபடி பாடம் படித்த ஏழு வயது எனக்கு நினைவு வந்துவிட்டது.

பழைய துணியின் அருமையை அந்தச் சேலை கற்றுக்கொடுத்த பிறகுதான் கிர்ப்புத்தோரி என்கிற பழம்பொருள் கடைகளுக்குள் தயக்கமில்லாமல் நுழைந்தேன். மேசையோ அலமாரியோ வார வாடகைக்கு எடுத்து, பொருள்களுக்கு நாமே விலைச்சீட்டு ஒட்டி வைத்துவிட்டு வந்தால், விற்ற பணத்தைக் கடைக்காரர் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுவார். ஒரு யூரோவுக்கும் இரண்டு யூரோவுக்கும் நல்ல பருத்திச் சட்டைகள் கிடைக்கின்றன. ஊரில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடாமல், தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துப் போடுவதும், நன்றாக வளர்ந்த பிள்ளையின் சட்டையைக் கேட்டு வாங்கி உடுத்துவதும் நமக்குப் பழக்கம்தானே. அதையே இங்கே முகம் தெரியாத தாய்மார்கள் எனக்குச் செய்தார்கள். ஒரு கம்பளிச் சட்டையின் கழுத்துப் பட்டையில் மூன்று பிள்ளைகளின் பெயர்கள் மூன்று மையில் எழுதியிருந்தன. முதலிரண்டு பெயர்களும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. நான் நான்காவதாக என் மகளின் பெயரைத் தமிழில் எழுதினேன். இந்த நாட்டில் எனக்கு நேர்ந்த இன்பங்களில் அந்தக் கடைகளுக்கே முதலிடம்.

இங்கே குழந்தை உடுப்பின் அளவு வயதுக் கணக்கில் இல்லாமல் பிள்ளையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் சொல்வதாக இருக்கும்: 50, 56, 62, 68, 74 என்று ஆறாறாக ஏறும். இது எனக்குப் பெரிய வசதியாயிற்று. அளவுக்கு ஒன்றாகப் பைகளில் துணிகளைப் பிரித்து, வெளியே எண்ணை எழுதி, உடுத்தும் அளவும் அடுத்த அளவும் மட்டும் வெளியே இருக்கும்படி வைத்தேன். பை மாறும் நாளில் சிறுத்துப்போனவை நேராகக் கிர்ப்புத்தோரிக்குப் போகும். அதிலிருந்து வரும் பணத்தில் அடுத்த அளவு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்: பனிக்கால முழு அங்கியை எந்த மாதத்தில் பிள்ளை எந்த அளவில் இருக்கும் என்று கணக்குப் போட்டு வாங்காவிட்டால் கோடையில் பொருந்தும், குளிரில் பொருந்தாது.

வாரத்துக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது எங்கள் குடியிருப்பின் பொதுச் சலவை அறை. சுவரில் தொங்கும் தாளில் பெயரெழுதி நேரம் பிடிக்க வேண்டும். எங்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணி. ஒருமுறை பதினைந்து நிமிடம் தாமதமாகத் துணியை எடுக்கப் போனபோது, அடுத்த நேரத்துக்குரியவர் எங்கள் ஈரத்துணியைக் கூடையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மௌனத்துக்குப் பிறகு பால் புகட்டுவது, சமைப்பது, கடைக்குப் போவது எல்லாமே அந்த இரண்டு மாலைகளைச் சுற்றி அமைந்துகொண்டன. எண்ணெய்க் குளியலுக்கு மறுநாள் சலவை வரும்படி வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு துணியில் பழுப்பாக ஏறாது.

குளியலைச் சொல்லத்தான் வேண்டும். இங்கே குளியலறைத் தரையிலேயே தண்ணீர் வடியும் வழி இருப்பதால், மணையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்ட இடைஞ்சலே இல்லை. கணவர்தான் குளிப்பாட்டினார். அலமாரியின்மேல் சாய்த்துவைத்த கைப்பேசியிலிருந்து அம்மா, "மூக்க நல்லா எடுத்துவிடுங்க மாப்ள, தண்ணிய உச்சியில தாரையா ஊத்தாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மருமகனோடு அதுவரை பத்து வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியறியாத அம்மா, அந்தக் குளியலறையில் வாய் ஓயாமல் பேசினார். 2022 ஆகஸ்டில் வந்த மாற்றத்துக்குப் பிறகு தாய்க்கும் தந்தைக்கும் ஆளுக்கு 160 நாள் பெற்றோர் உதவித்தொகை உண்டு. கணவர் தன் பங்கைப் பிரித்துப் பிரித்து எடுத்தார். இங்கே குடியேறும் தம்பதிகள் அந்த நாள்களை ஒருவர் தலையிலேயே கட்டாமல் பங்கிட்டு எடுக்க வேண்டும். எங்களுக்கு வேறு எந்தச் சேமிப்பும் இதற்கு ஈடாகவில்லை. குளியலுக்குப் பிறகு சாம்பிராணி போட்டது ஒரே ஒரு நாள்தான். புகை உணரும் கருவி அலறியதில் மாடி முழுவதும் கதவைத் திறந்தது.

மகள் அக்டோபரில் பிறந்தவள். டிசம்பரில் இங்கே பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. சூரியன் ஒன்பதரை மணி வாக்கில் எழுந்து மூன்றேகாலுக்குள் போய்விடும். இளவெயிலில் காட்டு என்று அம்மா தினமும் சொல்வார். காட்ட வெயில் ஏது? அதற்குப் பதிலாக இரண்டாம் வாரத்திலிருந்து நாளுக்குப் பத்து மைக்ரோகிராம் வைட்டமின் டி சொட்டு மருந்து. இதைச் சொல்லிக்கொடுத்தது நெவ்வோலா என்ற தாய்சேய் நல நிலையம். முதல் நிலையம் ஹெல்சிங்கியில் 1922இல் குழந்தை மருத்துவர் ஆர்வோ யுல்ப்போவின் முயற்சியில் தொடங்கியது. 1944இல் ஊர்தோறும் இருக்க வேண்டுமென்று சட்டமே வந்தது. கட்டணம் கிடையாது. செவிலியர் வீட்டுக்கே வந்து பெட்டியைப் பார்த்து, தலையணையை எடுத்துவிடச் சொன்னார். விரிப்பை இறுக்கமாகச் செருகியிருந்ததைப் பாராட்டினார். சேலை என்று சொன்னதும் கரையை இருமுறை தடவிப் பார்த்தார்.

பனியில் பிள்ளைகளைத் தள்ளுவண்டியோடு வெளியே தூங்கவைக்கும் வழக்கத்துக்கு நான் தை மாதம்வரை இணங்கவில்லை. நமக்கு எத்தனை அடுக்கோ அதைவிட ஒன்று கூடுதலாகப் போட்டு, முதுகுக்கு அடியில் கம்பளி விரித்து, பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால் பயமில்லை என்றார்கள். மாடிமுகப்பில் சுழியத்துக்குக் கீழே ஐந்து பாகையில் முதல்முறை வைத்தபோது இரண்டரை மணி நேரம் தூங்கினாள். உள்ளே நாற்பது நிமிடம் தாண்டாதவள் அவள். அம்மாவிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை.

திட உணவுக்கு டப்பாக்கள் வாங்கியது ஒரு வாரம் மட்டுமே. உருளைக்கிழங்கையும் காரட்டையும் வேகவைத்து மசித்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேளைக்கு இரண்டு கட்டி எடுத்து உருக்கினேன். ஆடி மாதம் நூக்ஸியோ காட்டில் புளூபெர்ரி எனும் அவுரிப்பழம் பழுத்துக் கிடக்கும். யாரும் பறித்துக்கொள்ளலாம் என்பது இந்நாட்டு உரிமை. இரண்டு வாளி பறித்துக் குளிர்காலம் முழுக்க வைத்துக்கொண்டோம். மகளின் உதடெல்லாம் நாவற்பழம் தின்ற நிறம். கொல்லையில் நாவல் உதிரும் ஆனி மாத மத்தியானங்களை நினைத்துக்கொண்டே ஊட்டினேன்.

சென்ற மார்கழியில் ஊருக்குப் போனோம். மகளுக்கு வயது ஒன்றே கால். கூடத்து உத்தரத்தில் அம்மா வேறொரு சேலையில் தூளி கட்டி வைத்துக் காத்திருந்தார். அதில் போட்டதும் மகள் அலறிய அலறலில் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள். ஆட்ட ஆட்ட அழுகை ஏறியது. வேறு வழியின்றி எடுத்துப் பாயில் கிடத்தி, பயணப்பெட்டியில் வைத்திருந்த விரிப்புகளில் ஒன்றை அவளுக்கு அடியில் விரித்தேன். அரக்குக் கரையை விரலால் சுரண்டிக்கொண்டே ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனாள். அம்மா குனிந்து விரிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார், தையலைப் பார்த்தார்.

"கரைய வெட்டாம வெச்சுத் தெச்சிருக்கியே" என்றார். பிறகு முந்தானை எங்கே என்று கேட்டார். பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.