வீட்டுக்குள்ளயே ரெண்டாவது தவக்காலம்

இதை எழுதுறது 2021 மார்ச் 18, கொரோனா வந்து ஒரு வருசம் ஆச்சு. போன மாசம் திருநீற்றுப் புதன் அன்னைக்கு, அதாவது ஈஸ்டருக்கு முன்னாடி கிறிஸ்தவங்க நாப்பது நாள் இருக்கற தவக்காலம் தொடங்குற அன்னைக்கு, என் காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தி வாட்சப்ல கேட்டா, "ஒரு வருசமா எல்லாத்தையும் விட்டுட்டுதானடி இருக்கோம், யார் வீட்டுக்கும் போகல, ஒரு கல்யாணம் காட்சிக்குப் போகல, சாவுக்குக் கூட போக முடியல, இதுக்கு மேல தவக்காலம்னு எதை விடச் சொல்ற"ன்னு. அவ கோவத்துல கேக்கல, ரொம்ப அலுத்துப்போய் கேட்டா. அவ மாமனார் ஆகஸ்ட்ல தவறிட்டாரு, இருபது பேருக்கு மேல அடக்கத்துக்கு வரக்கூடாதுன்னுட்டாங்க. அவளுக்கு ரெண்டு வரியில பதில் டைப் பண்ண எனக்கு மனசு வரல. அதான் இங்க எழுதுறேன்.

எங்க அம்மா தூத்துக்குடியில தனியா இருக்காங்க, நான் வேலைக்காக சென்னையில. அம்மாவுக்கு 71 வயசு, சுகர் வேற. தினமும் காலைப் பூசைக்கு சர்ச்சுக்கு நடந்தே போய்ட்டு வந்து அதுக்கப்புறம்தான் காப்பியே குடிக்கிற மனுஷி. போன வருசம் மார்ச்ல கோயில் பூட்டினதுதான், செப்டம்பர் 1-ல இருந்து தமிழ்நாட்டுல எல்லாக் கோயிலும் திறந்துட்டாங்க, ஆனா 65 வயசுக்கு மேல உள்ளவங்க வீட்லயே இருங்கன்னு அரசாங்கமும் சொல்லிச்சு டாக்டரும் சொன்னாரு, அதனால அம்மா இன்னும் கோயில் வாசலை மிதிக்கல. யூடியூப்ல பூசை பாக்குறாங்க. பாக்குறாங்கன்னுதான் சொல்லணும். அதைக் குறை சொல்லல, அந்த நேரத்துல அது பெரிய ஆறுதல், போன வருசம் மார்ச் 27 ராத்திரி ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்துல மழையில போப் பிரான்சிஸ் நின்னு செபிச்சதை நாங்க ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிட்டே டிவில பாத்து அழுதிருக்கோம். ஆனா நாள்கணக்கா அதுவே ஆனப்ப, நாற்காலியில உக்காந்து ஸ்க்ரீனைப் பாக்குறதுல உடம்புக்கு வேலையே இல்ல, கொஞ்ச நாள்ல மனசும் கழண்டுடுது.

ஜூலை மாசம் வாக்குல அம்மா போன்ல பேசுறப்ப "இன்னைக்கு என்ன கிழமை"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. எனக்கு அது ரொம்ப பயமா இருந்துச்சு. வயசானவங்க தனியா இருக்குறப்ப சாப்பாடு மருந்து எல்லாம் ஏற்பாடு பண்ணிடலாம், பக்கத்து வீட்டு அக்கா தினமும் எட்டிப் பாக்குறாங்க, ஆனா திங்கக்கெழமையும் ஞாயித்துக்கெழமையும் ஒண்ணு போலவே ஆயிட்டா அதுக்கு என்ன ஏற்பாடு பண்றது. எந்த நாளுக்கும் ஒரு முகம் இல்ல. எழும்புறதுக்கு ஒரு காரணம் இல்ல. எனக்கே வொர்க் ஃப்ரம் ஹோம்ல அப்படித்தான் இருந்துச்சு, முப்பத்தஞ்சு வயசு ஆளுக்கே அப்படின்னா அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

இந்தத் தவக்காலம் தொடங்கினதும் அது மாறிச்சு. நான் கண்ணால பாத்தத, இல்ல காதால கேட்டத சொல்றேன்.

திருநீற்றுப் புதனுக்கு நெத்தியில வைக்கற சாம்பல் எடுக்கறது, போன வருசம் குருத்து ஞாயிறுக்கு, அதான் ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறுக்கு, குடுத்த குருத்தோலையை எரிச்சுதான், எல்லாரும் வீட்ல சிலுவைக்குப் பின்னாடி சொருகி வச்சிருக்கறத கோயில்ல கொண்டுபோய் குடுப்போம். 2020 குருத்து ஞாயிறு ஏப்ரல் 5, முழு லாக்டவுன், யாருக்கும் ஓலை கிடையாது. அம்மா வீட்ல இருந்தது 2019 ஓலை. அப்படியே மடிஞ்சு காஞ்சு மஞ்சளா போயிருந்துச்சு. ஃபாதர்கிட்ட போன்ல கேட்டுட்டு அதுல ஒரு துண்டை ஒரு எவர்சில்வர் தட்டுல வச்சு எரிச்சு, தானே நெத்தியில வச்சுக்கிட்டாங்க. அன்னைக்கு இங்க சென்னையில நான் போன கோயில்ல வத்திக்கான் சொன்னபடி ஃபாதர் முதல்லயே எல்லாருக்கும் சேத்து ஒரு தடவை சாம்பல் வைக்கறப்ப சொல்ற வார்த்தையைச் சொல்லிட்டு, மாஸ்க் போட்டுக்கிட்டு ஒவ்வொருத்தர் தலையிலயும் பேசாம சாம்பலைத் தூவினாரு. அம்மா தன் கையால வச்சுக்கிட்ட சாம்பலும் எனக்கு ஃபாதர் தலையில தூவின சாம்பலும் ஒரே நாள்ல விழுந்துச்சு, அதுதான் எனக்கு முக்கியமா பட்டுச்சு.

அன்னைக்கே காலண்டர்ல சிவப்புப் பேனாவால வெள்ளிக்கிழமையெல்லாம் சுழிச்சிட்டாங்க. வெள்ளி ஒருசந்தி, மதியம் ஒரு வேளைதான் முழுச்சாப்பாடு, கவுச்சி கிடையாது. சுகர் இருக்கறதால நான் சண்டை போட்டேன், வயசானவங்களுக்கும் நோயாளிகளுக்கும் கட்டாயம் கிடையாது, சபைச் சட்டப்படி 59 வயசோட ஒருசந்தி முடிஞ்சிருதுன்னு. டாக்டர்கிட்ட பேசி காலையில கஞ்சியும் ராத்திரி ரெண்டு இட்லியும்னு ஒத்துக்கிட்டாங்க. சட்டப்படியும் அது சரிதான், ஒரு முழு வேளையும் ரெண்டு சின்ன வேளையும் அனுமதி உண்டு. ஆனா மீனை மட்டும் நாப்பது நாளும் விட்டுட்டாங்க. சபை வெள்ளிக்கிழமைக்கு மாமிசத்தைத்தான் தடுக்குது, மீனைத் தடுக்கல. ஆனா கடக்கரையில பொறந்து மீனில்லாம சோறு இறங்காத ஒருத்தங்களுக்கு எதை விட்டா வலிக்கும்னு அவங்களுக்குத்தான தெரியும்.

ஃப்ரெண்டோட கேள்விக்கு என் பதில் இதுலதான் இருக்கு. ஒரு வருசமா நம்மகிட்ட இருந்து எல்லாம் பிடுங்கப்பட்டுச்சு. பிடுங்கினது வேற, நாமளா எடுத்துக் குடுக்கறது வேற. பிடுங்கப்பட்டவன்கிட்ட கசப்புதான் மிஞ்சும், அதுல தவம் ஒண்ணுமில்ல. அம்மாவை யாரும் மீன் சாப்பிடாதன்னு சொல்லல. அந்த வீட்டுக்குள்ள, யாரும் வராத அந்த நாலு சுவத்துக்குள்ள, இந்த ஒரு விஷயத்தை அவங்களே முடிவு பண்ணாங்க. ஒரு வருசத்துக்கப்புறம் அவங்க குரல்ல ஒரு அதிகாரம் வந்ததைக் கேட்டேன். "இன்னைக்கு வெள்ளி, மூணு மணிக்குக் கூப்பிடு, லேட் பண்ணாத"ன்னு எனக்கு உத்தரவு. என்ன கிழமைன்னு கேக்கறது நின்னுபோச்சு.

மூணு மணிக்கு போன்ல சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்து போன வழியை பதினாலு நிலையா நினைச்சு நடந்துக்கிட்டே சொல்ற செபம். நான் ஆபீஸ் காலெண்டர்ல அந்த நேரத்தை பிளாக் பண்ணி வச்சிருக்கேன். ரெண்டு பேரும் ஸ்பீக்கர்ல போட்டுட்டு, அவங்க வாசிக்க நான் பதில் சொல்ல, பதினாலு நிலைக்கும். அம்மா வீட்டு ஹால்ல ஆரம்பிச்சு அடுக்களை வரைக்கும் பதினாலு இடத்துல தாள்ல எண் எழுதி ஒட்டியிருக்காங்க, ஒவ்வொண்ணுக்கும் நடந்துபோய், முடிஞ்சா முழந்தாள்ல நிக்கிறாங்க, முடியலன்னா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு குனியுறாங்க, அந்த மூச்சு வாங்கற சத்தம் போன்ல கேக்கும். இந்த பக்திமுயற்சியே போக முடியாதவங்களுக்காக வந்ததுதான். எருசலேமுக்குப் போய் அந்தத் தெருவுல நடக்க முடியாத ஜனங்களுக்கு, அவங்க ஊர்லயே நடந்து செபிக்கறதுக்காக, பிரான்சிஸ்கன் சாமியாருங்கதான் பரப்பினாங்க, 1731-ல போப் பன்னிரெண்டாம் கிளமெண்ட் நிலைகள் பதினாலுன்னு நிலைப்படுத்தினாரு. அப்ப ஹால்ல இருந்து அடுக்களை வரைக்கும் நடக்கற எங்கம்மா குறைச்சலா ஒண்ணும் செய்யல.

இப்ப ஜப்பான் கதைக்கு வரேன், ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சது. நேத்து மார்ச் 17, அந்தக் கதையோட நாளே அதுதான்.

தூத்துக்குடி பக்கத்து நம்ம முத்துக்குளித்துறைக் கடக்கரைக்கு 1542-ல வந்து, கடக்கரை கிராமங்கள்ல மணியடிச்சுப் பிள்ளைங்களைக் கூட்டி தமிழ்லயே செபம் சொல்லிக்குடுத்த அதே பிரான்சிஸ் சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்னைக்கு ஜப்பான்ல ககோஷிமாவுல இறங்கினாரு. இங்க ஒவ்வொரு ஊர்லயும் ஒரு கணக்கப்பிள்ளையை வச்சுட்டுப் போனாரு, சாமியார் இல்லாதப்ப செபம் நடத்த, சாகக்கிடக்கற குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்க. ஜப்பான்ல அந்த விதை நல்லா முளைச்சுச்சு, ஆனா 1614-ல நாடு முழுக்க கிறிஸ்தவத்தைத் தடை பண்ணிட்டாங்க. இயேசு படத்தையும் மாதா படத்தையும் வருசா வருசம் காலால மிதிக்கச் சொல்லி சோதனை போட்டாங்க. 1644-ல கடைசி சாமியாரும் கொல்லப்பட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு நூற்றாண்டுக்கு மேல அந்த நாட்டுக் கிறிஸ்தவங்களுக்கு சாமியார் இல்ல, பூசை இல்ல, பூசையில வாங்கற நற்கருணை அப்பம் இல்ல, சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கற பாவசங்கீர்த்தனம் இல்ல. வெளிய சொன்னா உயிர் போயிரும்.

அவங்க எதைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்கன்னா, ஞானஸ்நானம், செபம், அப்புறம் காலண்டர். நாகசாகி பக்கத்துல ஒவ்வொரு ரகசியக் கூட்டத்துலயும் ஞானஸ்நானம் குடுக்க ஒருத்தர் இருப்பாரு, அவருக்கும் மேல தலைவரா ஒருத்தர் இருப்பாரு, அவரோட பொறுப்பு நாள் கணக்கு. பாஸ்தியான்னு ஒரு உபதேசியார் விட்டுட்டுப் போன காலண்டர்னு அவங்க வழிவழியா சொல்றாங்க, 1634-ம் வருசத்தை வச்சுப் போட்டது. அவங்க ஊர் சந்திர மாசக் கணக்கு வேற, அதுல ஒவ்வொரு வருசமும் கிறிஸ்து பிறப்பு எப்ப, தவக்காலம் எப்பத் தொடங்குது, ஈஸ்டர் எப்பன்னு கணிச்சு, யாருக்கும் தெரியாம வீட்டு வீட்டுக்கு வாய்மொழியா சொல்லி அனுப்புவாங்க. எத்தனை அப்பா அம்மா இதைப் பிள்ளைங்க காதுல சொல்லியிருக்கணும், ஒரு தலைமுறை அலுத்துப்போய் "இதெல்லாம் எதுக்கு"ன்னு விட்டிருந்தா அதோட முடிஞ்சிருக்கும்.

1865 மார்ச் 17, வெள்ளிக்கிழமை. வெளிநாட்டுக்காரங்களுக்காகன்னு நாகசாகியில ஓஉரா கோயில் கட்டி கொஞ்ச நாள்தான் ஆயிருந்துச்சு. உரகாமி கிராமத்துல இருந்து கொஞ்சம் பேர், ஆணும் பெண்ணும் பிள்ளைங்களுமா வந்து வாசல்ல நின்னாங்க. பெத்திஜான்ங்கற பிரெஞ்சு சாமியார் உள்ள கூட்டிட்டுப் போய் முழந்தாள்ல நின்னு செபிச்சாரு. அப்ப ஒரு அம்மா பக்கத்துல வந்து, எங்க எல்லாருக்கும் உங்க மனசேதான்னு மெதுவா சொல்லி, மாதா சுரூபம் எங்கன்னு கேட்டாங்க. அப்புறம் பேச்சுவாக்குல, நாங்க இப்ப துக்க காலத்துல இருக்கோம், நீங்களும் அதைக் கடைப்பிடிக்கறீங்களான்னு கேட்டாங்க. அவங்க தவக்காலத்துக்கு வச்சிருந்த பேரு அது. பெத்திஜான் சொன்னாரு, ஆமா, இன்னைக்கு பதினேழாவது நாள்னு. அந்த வருசம் திருநீற்றுப் புதன் மார்ச் 1. நான் எண்ணிப் பாத்தேன், சரியா பதினேழு.

ரோமாபுரியோட ஒரு கடிதத் தொடர்பு கூட இல்லாம, இருநூறு வருசத்துக்கு மேல ஒளிஞ்சு வாழ்ந்த விவசாய ஜனங்க, உலகத்துல மத்த எல்லாரும் தவக்காலத்துல இருந்தப்ப அவங்களும் தவக்காலத்துல இருந்தாங்க. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. தனியா இருக்கறவங்களுக்கு இந்தச் சடங்கெல்லாம் என்ன குடுக்குதுன்னு யாராவது கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன், நீ தனியா இருக்கற இடத்துல இருந்தே எல்லாரோடயும் ஒரே நாள்ல நிக்கலாம்.

இன்னொண்ணும் இருக்கு. அந்த ஜனங்க பாவசங்கீர்த்தனம் பண்ண வழியில்லாம, செஞ்ச பாவத்துக்கு மனசார வருத்தப்பட்டு நாம உத்தம மனஸ்தாபம்னு சொல்றோமே அந்தச் செபத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க, 1603-லயே அதுக்குன்னு ஜப்பான் மொழியில ஒரு சின்ன புத்தகம் வந்திருக்கு. போன வருசம் மார்ச் 20-ம் தேதி காலைப் பூசை பிரசங்கத்துல போப் பிரான்சிஸும் இதைத்தான் சொன்னாரு, சாமியார் கிடைக்கலன்னா கடவுள்கிட்டயே நேரா பேசு, மனஸ்தாபப்படு, அப்புறமா சங்கீர்த்தனம் பண்றேன்னு வாக்கு குடுன்னு. அம்மாவுக்கு சின்ன வயசுல உபதேசியார் மனப்பாடமா சொல்லிக்குடுத்த செபம் அது, அதை ராத்திரி படுக்கப்போறப்ப சொல்றாங்க.

உரகாமி ஜனங்களுக்கு அந்த நாளோட கஷ்டம் தீந்துரல, அதையும் சொல்லணும். அவங்க வெளிய தெரிஞ்சதும் மறுபடி பிடிச்சாங்க, 1868-ல இருந்து 3,300-க்கும் மேல ஆளுங்களை ஊரை விட்டு வேற வேற இடத்துக்கு நாடு கடத்தினாங்க, அதுல 600-க்கும் மேல செத்துட்டாங்க. 1873-லதான் தடை நீங்கி மத்தவங்க வீடு திரும்பினாங்க. தவக்காலம் இருந்தா கஷ்டம் வராதுன்னு நான் சொல்ல வரல. என் ஃப்ரெண்டோட மாமனாரை அது திருப்பித் தராது.

அப்புறம் தர்மம். தவக்காலத்துல செபம் ஒருசந்தி தர்மம் மூணும் சேந்துதான் போகணும், திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளி வாசகமே ஏசாயா 58, பசிச்சவனோட உன் அப்பத்தைப் பகிர்ந்துக்கறதுதான் நான் விரும்பற நோன்புன்னு ஆண்டவர் சொல்ற இடம். தனியா இருக்கறவங்களை நாம எல்லாரும் உதவி வாங்கறவங்களாவே ஆக்கிடறோம், பால் வாங்கிக் குடுக்கறோம், மாத்திரை வாங்கிக் குடுக்கறோம், அவங்களுக்குன்னு குடுக்க ஒண்ணும் விடறதில்ல. அம்மா மீனை விட்டதும் முதல் வாரமே ஒரு யோசனை வந்திருக்கு, நான் வாங்கலன்னா தெருவுல கூடையோட வர்ற மீன்காரம்மாவுக்கு யாரு குடுப்பான்னு. லாக்டவுன்ல அவங்க பட்ட பாடு அம்மாவுக்குத் தெரியும். அதனால வாராவாரம் மீன் வாங்குற காசை அப்படியே எடுத்து வச்சு, வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் அவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லி, மாஸ்க் போட்டுக்கிட்டு கையில குடுக்கறாங்க. முதல்ல அவங்க வாங்க மாட்டேன்னுட்டாங்களாம். "எனக்கு ஒருசந்தி, உனக்கு எதுக்குளா ஒருசந்தி"ன்னு அம்மா சொல்லி வாங்க வச்சிருக்காங்க. இப்ப ரெண்டு பேரும் கேட்டுக்கு ரெண்டு பக்கமும் நின்னு அரை மணி நேரம் பேசுறாங்க, அந்தப் பேச்சை அம்மா எனக்கு அப்படியே ஒப்பிக்கறாங்க, யார் வீட்டு வள்ளம் வித்தாச்சு, யாருக்குக் கல்யாணம் நிச்சயம்னு.

இந்த மாசம் 1-ம் தேதியில இருந்து 60 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு கொரோனா ஊசி போட ஆரம்பிச்சிருக்காங்க, அம்மாவுக்கு பேர் குடுத்திருக்கேன். ஏப்ரல் 4 ஈஸ்டர், அதுக்கு முந்தின ராத்திரி நடக்கற பாஸ்கா பூசைக்குக் கூட்டிட்டுப் போ, கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறேன்னு கேக்கறாங்க. கேஸ் மறுபடி கூடிட்டு வருது, நான் இன்னும் சரின்னு சொல்லல.

நாளைக்கு மார்ச் 19, இயேசுவோட வளர்ப்பு அப்பா சூசையப்பர் திருநாள். வெள்ளிக்கிழமையா இருந்தாலும் பெருவிழாங்கறதால கவுச்சி விடற சுத்தபோசனம் கட்டாயமில்ல, அதுவும் இது போப் அறிவிச்ச சூசையப்பர் ஆண்டு. அம்மா பாயாசம் வைக்கறாங்களாம், மீன்காரம்மாவையும் தூக்குச்சட்டி கொண்டுவரச் சொல்லியிருக்காங்க. சிலுவைப்பாதை மட்டும் வழக்கம்போல மூணு மணிக்கு உண்டு. என் ஃப்ரெண்டும் நாளைக்கு எங்களோட கால்ல சேந்துக்கறேன்னு சொல்லியிருக்கா, அழுற எருசலேம் பெண்களை இயேசு பாத்துப் பேசற எட்டாவது நிலையை அவ வாசிக்கறா.