மெகாங்கில் மெதுவாக, பாக் ஊ குகை வரை

தாய்லாந்தின் வடக்கு எல்லையில் மெகாங்கைத் தாண்டினால் லாவோஸின் ஹுவாய் சாய். அங்கிருந்து லுவாங் பிரபாங்குக்கு வேகப் படகும் உண்டு, ஹெல்மெட் மாட்டி ஒரே நாளில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள். எனக்கு அது சரிப்படாது. நீளமான மரப்படகில் இரண்டு நாள், நடுவில் பாக்பெங்கில் ஓர் இரவு, அதுதான் இந்த ஆற்றுக்கு ஏற்ற வேகம். இருக்கைகள் பழைய வேன்களிலிருந்து கழற்றியவை, எங்கள் படகில் தரையோடு முடுக்கக்கூட இல்லை, வேண்டிய பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டோம். எஞ்சின் சத்தம் பின்னால், அதனால் சீக்கிரமே போய் முன்பக்கம் இடம் பிடித்துவிடுங்கள்.

வழியில் ஊரே தெரியாத ஒரு மணல்மேட்டில் படகு முட்டி நின்றது. ஒரு பாட்டி அரிசி மூட்டையும் கூடையில் கத்தும் கோழியுமாக இறங்கி, திரும்பிப் பார்க்காமல் மேடேறிப் போனார்.

லுவாங் பிரபாங்கில் கோயில்களுக்குக் குறைவில்லை. மன்னர் செத்தாதிராத் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய வாட் சியெங் தோங் ஒன்றை நிதானமாகப் பார்த்தாலே போதும், பின்சுவரில் கண்ணாடிச் சில்லுகளால் ஒரு பெரிய மரம் இழைத்திருக்கிறார்கள். விடிகாலையில் பிக்குகள் வரிசையாக வந்து ஒட்டரிசிச் சோற்றைப் பிச்சை ஏற்பதும் அழகுதான், ஆனால் அவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டும் கூட்டம் இருக்கிறதே, எரிச்சலாக வந்தது.

அப்புறம் பாக் ஊ. ஊரிலிருந்து படகில் சுமார் 25 கி.மீ. மேலே போனால், 'நாம் ஊ' என்ற ஆறு மெகாங்கில் கலக்கும் இடத்துக்கு எதிரே செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, அதில் கீழே ஒன்று மேலே ஒன்றாக இரண்டு குகைகள். சுமார் 4,000 புத்தர் சிலைகள், பெரும்பாலும் மரம். கை போனது, மூக்கு தேய்ந்தது, கரையான் அரித்தது, பொன்பூச்சு உரிந்து உள்ளே செவ்வரக்கு தெரிவது. வீட்டிலும் கோயிலிலும் பழுதான சிலைகளைத் தூக்கி எறிய மனமில்லாமல் தலைமுறை தலைமுறையாக இங்கே கொண்டுவந்து வைக்கிறார்கள். நம்மூரில் பின்னமான சிலையை ஆற்றிலோ கடலிலோ விடுவது வழக்கம், இவர்களோ ஆற்றங்கரையிலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். அதோடு விட்டுவிடுவதும் இல்லை. நம் சித்திரை பிறக்கிற அதே ஏப்ரல் நடுவில்தான் இவர்களுக்கும் புத்தாண்டு, அப்போது படகுபடகாக வந்து இந்தச் சிலைகளுக்கு நீராட்டுகிறார்கள். இரு கைகளையும் உடலோடு ஒட்டி விரல்கள் தரையைப் பார்க்க நிற்கும் புத்தர்களைத் தேடிப் பாருங்கள், மழையை அழைக்கும் கோலம் அது, லாவோஸுக்கே உரியது. மேல் குகை கும்மிருட்டு, டார்ச் இல்லாமல் ஏறாதீர்கள்.

குகைக்குச் சற்று மேலே ஆற்றை மறித்து லுவாங் பிரபாங் அணை எழுகிறது. படகுகள் கடக்க வழி விடுவார்கள், ஆனால் அணைக்கு மேலே இப்போது சுழித்து ஓடும் தண்ணீர் தேங்கிவிடும். போக நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம், காலையில் படகில் நடுங்க வைக்கும், ஸ்வெட்டர் அவசியம்.