9 வெளியே, 21 உள்ளே

2020 ஜனவரி 6. மிலானின் சான் சிரோ மைதானத்தில் சம்ப்டோரியாவுடன் இத்தாலிய லீக் கால்பந்து ஆட்டம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் ஆளை மாற்றும் சட்டை எண் பலகை உயர்ந்தது: 9 வெளியே, 21 உள்ளே. வெளியே வந்த பியோன்டெக்கிற்கு வயது 24. உள்ளே போன ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சுக்கு 38.

நான் ஏசி மிலான் ரசிகன். மைதானமே ஆர்ப்பரித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வருடத்துக்கு முன்புதான் 35 மில்லியன் யூரோ கொடுத்து ஜெனோவாவிலிருந்து அழைத்து வந்த பையன். வந்த அரை சீசனிலேயே லீக்கில் 9 கோல் அடித்தவன். அவனை உட்கார வைத்துவிட்டு, அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருந்த ஒருவரைக் கூட்டி வருவதா? பழைய போஸ்டரைத் தூசி தட்டி மாட்டுகிறார்கள் என்று நண்பர்களிடம் சத்தம் போட்டேன்.

அந்தக் கோபத்தில் என் சொந்த வலியும் கொஞ்சம் கலந்திருந்தது. 24 வயதில் நானும் அப்படி வெளியே வந்திருக்கிறேன். நான் வேலை பார்த்த நிறுவனத்தின் அணியில் சென்டர் ஃபார்வர்ட் என் இடம். ஒரு போட்டிக்கு முன்னால், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் அண்ணனை அணியில் சேர்த்தார்கள். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஆட்டக்காரர். முதல் ஆட்டத்தில் பதினொரு பேரில் என் பெயர் இல்லை. அதை யாரும் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. பூட்ஸ் லேஸைக் கட்டி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்த ஏமாற்றம் இத்தனை வருடம் கழித்தும் உள்ளே அப்படியே இருக்கிறது. அதனால் பியோன்டெக் வெளியே வந்தபோது நான் ஸ்லாட்டனைப் பார்க்கவே இல்லை.

ஆனால் ஒரு மாதத்தில் என் கணக்கு தப்பாகிவிட்டது.

அந்த சீசனில் அதுவரை மிலானின் நிலை என்ன என்பதை நான் வசதியாக மறந்திருந்தேன். டிசம்பர் 22 அன்று பெர்காமோவில் அட்டலாண்டாவிடம் 5-0 என்று தோற்றிருந்தோம். 17 ஆட்டங்களில் மொத்தமே 16 கோல், பட்டியலில் 11வது இடம். கோலுக்கு முன்னால் உள்ள பாக்ஸுக்குள் பந்து வந்தால் பியோன்டெக் அடிப்பார், ஆனால் பந்து வரவே இல்லை. பின்னாலிருந்து நீளமாக ஒரு பந்து வந்தால் அதை நெஞ்சில் தாங்கி, டிஃபெண்டரை முதுகில் சுமந்து, பக்கத்தில் ஓடிவருபவனுக்குக் கொடுக்க முன்னே ஆள் இல்லை. பந்து போன வேகத்தில் திரும்பி வந்தது, அணி முழுவதும் மூச்சிரைக்கப் பின்னால் ஓடியது.

ஸ்லாட்டன் மாற்றியது அதைத்தான். ஜனவரி 11 அன்று கலியாரியில் 2-0 என்று ஜெயித்தோம். ஒரு கோல் அவர் அடித்தது, இன்னொன்று 20 வயது ரஃபேல் லியாவோ அடித்தது. 2019 முடியும்வரை ஒரு கோல்கூட அடிக்காத எங்கள் இன்னொரு முன்கள ஆட்டக்காரர் ரெபிச், அந்த சீசனை 11 லீக் கோலோடு முடித்தார். பிப்ரவரியில் அதே ஊர் அணியான இன்டருடன் நடந்த டெர்பியில் ஸ்லாட்டன் தூரக் கம்பத்தருகே எம்பித் தலையால் திருப்பிவிட்ட பந்தை ரெபிச் வலைக்குள் தள்ளிய அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது. அந்த ஆட்டத்தில் 4-2 என்று தோற்றோம், அது வேறு கதை. சீசன் முடியும்போது 6வது இடம். ஸ்லாட்டன் 18 லீக் ஆட்டங்களில் 10 கோல். என்னை மாற்றியது அந்த 10 அல்ல, ரெபிச்சின் 11.

சரி, அப்படியென்றால் வயதான நட்சத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? 2021 ஆகஸ்டில் என் அக்கா மகன் இதைத்தான் கேட்டான். அவன் மான்செஸ்டர் யுனைடெட் பைத்தியம். ரொனால்டோ திரும்பி வருகிறார் என்று அறிவித்த இரவு ஃபோன் செய்து, "மாமா, உங்க ஸ்லாட்டன் மாதிரிதான் பாருங்க, நாங்க சாம்பியன்" என்றான். குரல் நடுங்கியது அவனுக்கு. கிட்டத்தட்ட அழுதுவிட்டான். ஆறாவது வயதிலிருந்து அந்த 7ஆம் எண் சட்டையைப் போட்டு வளர்ந்தவன் அவன்.

நான் அவனிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "போன சீசன்ல உங்களுக்கு என்னடா குறை இருந்துச்சு? கோலா?" இல்லை. 2020-21இல் யுனைடெட் இரண்டாவது இடம், லீக்கில் 73 கோல். முன்னால் கவானி இருந்தார். அவரும் இளைஞர் அல்ல, 34 வயது. ஆனால் எதிரணி டிஃபெண்டர் பந்தைத் தொட்டதுமே துரத்துவார், இடத்தைத் திறந்துவிடுவார். ரொனால்டோவுக்காக அந்த 7ஆம் எண்ணைக் கொடுத்துவிட்டு 21க்கு மாறியவரும் அவர்தான்.

அந்த சீசனில் ரொனால்டோ 18 லீக் கோல் அடித்தார். 37 வயதில் டாட்டன்ஹாமுக்கு எதிராக ஹாட்ரிக், சாம்பியன்ஸ் லீகில் வில்லாரியாலுக்கு எதிராகக் கடைசி மூச்சில் ஒரு கோல். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அணியின் மொத்த கோல் 73இலிருந்து 57ஆக இறங்கியது. புருனோ ஃபெர்னாண்டஸ் 18இலிருந்து 10, ராஷ்ஃபோர்ட் 11இலிருந்து 4. எதிரணிகளிடம் வாங்கிய கோலும் 57. ஆறாவது இடம், 58 புள்ளி. எல்லாம் ஒரு மனிதரால் என்று சொல்வது அநியாயம். ராஷ்ஃபோர்ட் தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர், நவம்பரில் பயிற்சியாளரே மாறினார், பின்களமும் உடைந்து கிடந்தது. இருந்தாலும் முன்னால் பந்தைத் துரத்த ஒருவர் குறைந்தால், அந்த ஓட்டத்தை மீதி ஒன்பது பேர் பங்கு போட்டு ஓட வேண்டும். அவரை வாங்கும் முன், அந்தப் பங்கு யாருக்கு எவ்வளவு என்று யாராவது உட்கார்ந்து பேசியிருப்பார்களா? எனக்கு அந்தச் சந்தேகம் இன்றும் போகவில்லை.

என் கிளப்பையும் விட்டுவைக்க முடியாது. 2021 ஜனவரியில் மிலான் மான்ட்சுகிச்சை எடுத்தது. 34 வயது, உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர், பந்தைத் தாங்குவதில் கெட்டிக்காரர். காகிதத்தில் ஸ்லாட்டனுக்குத் தம்பி. 11 ஆட்டம், ஒரு கோலும் இல்லை. ஸ்லாட்டன் எங்களிடம் வந்தபோது லாஸ் ஏஞ்சலஸில் அந்த சீசன் முழுக்க ஆடி 30 லீக் கோல் அடித்துவிட்டு வந்தார். மான்ட்சுகிச்சோ அரை வருடமாக எந்த கிளப்பிலும் இல்லாமல் இருந்துவிட்டு வந்தார். வயதான காலில் நிறுத்திய ஓட்டத்தை மறுபடி கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்று நாற்பதைத் தாண்டிய என் முட்டிக்கே தெரியும். காயத்தால் ஆட முடியாத மாதத்தின் சம்பளத்தை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன், ஆனால் அவரை எடுத்தது தப்பு.

அதனால் இப்போதெல்லாம் இந்தப் பேச்சு வந்தால் நான் பிறந்த வருடத்தைப் பார்ப்பதில்லை. போன ஆறு மாதம் எத்தனை ஆட்டம் முழுதாக ஆடினார் என்று பார்க்கிறேன். அப்புறம் ஒப்பந்தம். ஸ்லாட்டனோடு முதலில் போட்டது ஆறு மாதம்தான், சரிவந்தால் இன்னொரு வருடம். கிளப்புக்கும் அவருக்கும் கௌரவமாகக் கை குலுக்கிப் பிரிய ஒரு வழி இருந்தது. எல்லாவற்றையும்விட, பக்கத்தில் ஆடும் பையன்களுக்கு அவரால் என்ன கிடைக்கும் என்று பார்க்கிறேன்.

2022 மே 22, சசுவோலோ அணியுடன் ஆட்டம். பதினொரு வருடத்துக்குப் பிறகு மிலானுக்கு லீக் பட்டம். 3-0. முதல் இரண்டு கோல் ஜிரூ, அவருக்கு அப்போது 35. மூன்றுக்கும் பந்தைக் கொடுத்தது லியாவோ. ஸ்லாட்டன் கடைசியில் ஜிரூவுக்குப் பதிலாக இறங்கினார். முழங்கால் ஏற்கெனவே போயிருந்தது, சில நாளில் அறுவை சிகிச்சை. அன்று அக்கா மகன்தான் முதலில் கூப்பிட்டு வாழ்த்து சொன்னான்.

பியோன்டெக்கை 2020 ஜனவரி கடைசியிலேயே ஹெர்த்தா பெர்லினுக்கு விற்றுவிட்டார்கள். பிறகு துருக்கியில் பஷாக்‌ஷெஹிர் அணிக்காக அவர் கோல்களாகக் குவித்தபோது எனக்கு உண்மையான சந்தோஷம். அவரை மாற்றியது சரிதான் என்று இன்று ஒப்புக்கொள்கிறேன். அவரிடம் யாராவது முன்னாலேயே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன்.

என் இடத்துக்கு வந்த அந்த அண்ணன் மூன்றாவது ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து தோளால் அழுத்தினார். "தள்ளாதே தம்பி, சாஞ்சுக்கோ. அவன் எந்தப் பக்கம் இருக்கான்னு உன் முதுகு சொல்லும்." இருட்டும்வரை அதையே செய்தோம். மறுநாள் இரண்டாம் பாதியில் அவர் வெளியே வந்து என்னை இறக்கிவிடச் சொன்னார்.