வாக்குமூலமும் ஏற்காட்டுக் கத்தியும்

லாக்கப்பில் நாலு அடி, உடனே ஒப்புதல், அடுத்த காட்சியில் தண்டனை. க்ரைம் தொடர்களில் தாங்கவே முடியாதது இதுதான். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 25. 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 23.

விதிவிலக்கு, பிடிபட்டவன் சொல்லி ஒரு பொருள் சிக்கினால். “குத்துன கத்திய ஏற்காடு ரோட்டுல 18-வது கொண்டை ஊசி வளைவுல வீசுனேன்” என்றால், கத்தி கிடந்த இடம் அவனுக்குத் தெரியும் என்பது வரைக்கும்தான் சாட்சியம். ‘குத்துன’ அடிபட்டுப்போகும். இடம் போலீஸுக்கு முன்பே தெரிந்திருந்தால் மிச்சமும் போச்சு. கத்தியை எடுத்தபோது கூட இருந்ததாக மகஜரில், அதாவது கைப்பற்றியதை எழுதும் பதிவில், கையெழுத்துப் போட்ட சாட்சி கூண்டில் ஏறி, “மலைக்கே போகல, ஸ்டேஷன்லதான் கையெழுத்து வாங்குனாங்க” என்றால் கேஸே ஆட்டம் கண்டுவிடும்.

அந்தக் குறுக்கு விசாரணையைப் படமாக எடுங்கப்பா. எந்த கார் சேஸிங்கும் கிட்டே வராது.