ஓடைக்குப் போகும் டி.ஏ.பி.

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினால் டிவியில் காட்டுகிறார்கள். பெங்களூரு சாக்கடையைத் திட்டுவது நியாயம்தான். ஆனால் தர்மபுரி மாவட்டத்தில் மாரண்டஅள்ளிப் பக்கம் எங்கள் தோட்டத்தை ஒட்டிப் போகிற ஓடைக்கு மேலே பெங்களூரும் கிடையாது, ஃபேக்டரியும் கிடையாது. இருப்பது தக்காளித் தோட்டமும் மாட்டுக் கொட்டகையும்தான். அப்படியும் மாசி பிறந்தால் மடுவில் தேங்கிய தண்ணீர் பச்சைப் பெயின்ட் கரைத்து ஊற்றியது போல ஆகிவிடுகிறது. மழை வந்ததும் அத்தனையும் சின்னாற்றுக்கு, அங்கிருந்து ஒகேனக்கல்லில் காவிரிக்கு.

காரணம் நாங்கள் போடுகிற உரமும் எருவும்தான். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். செடி எடுத்தது போக மிச்சத்தில் ஒரு பங்கு நைட்ரேட்டாகக் கரைந்து கிணற்றுக்கோ ஓடைக்கோ போய்ச் சேரும். டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தில் இருக்கிற மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், வேறு ரகம். அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மண் கரைந்து ஓடினால் கூடவே ஓடும். நன்னீரில் பாசிக்குப் பெரும்பாலும் தட்டுப்பாடாக இருப்பது இந்த மணிச்சத்துதான். அது வந்துவிட்டால் பாசிக்குக் கொண்டாட்டம். செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்துபோய், விடியற்காலையில் கெண்டைக் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

பாத்தியை மூடுகிற பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட் போட்டால் களை குறையும், ஈரம் நிற்கும், எல்லாம் சரி. ஆனால் ஷீட்டில் விழுந்த மழை உள்ளே இறங்காமல் இரண்டு பாத்திக்கு நடுவே மொத்தமாகச் சேர்ந்து ஓடும். பாத்தி நேராக ஓடையைப் பார்த்து இறங்கினால் செம்மண்ணை வாரிக்கொண்டு போகும். அதனால் நாங்கள் சரிவுக்குக் குறுக்கே பாத்தி பிடித்து, தண்ணீர் வெளியேறும் மூலையில் ஒரு குழி எடுத்தோம். மண் அதில் படியும், கோடையில் அள்ளித் திரும்பத் தோட்டத்திலேயே கொட்டிவிடலாம். ஓடைக் கரையோரம் உழாமல் விட்டு கம்பு நேப்பியர் தீவனப் புல் நட்டோம்.

"இத்தனை நிலத்தைப் புல்லுக்கு விட்டுட்டியே மாப்ளே" என்றார் பக்கத்துத் தோட்டத்து மாமா.

"உங்க மாட்டுக்கும் அறுத்துக்குங்க மாமா" என்றேன். இப்போது என்னைவிட அவர்தான் அதிகம் அறுக்கிறார்.

பயிர் வளரும்போது போடுகிற மேலுரத்தை மழை இருட்டும்போது ஓடிப்போய்ப் போடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். தூறலுக்கு அது சரிப்படும். கனமழை அடித்தால் காசுதான் ஓடையில் போகிறது. சொட்டுநீரில் பிரித்துப் பிரித்து விட்டால் இந்த வம்பே இல்லை. அதற்கு முன்னால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் மாதிரி ஓரிடத்தில் மண்ணைப் பரிசோதிப்பது நல்லது. வருஷா வருஷம் டி.ஏ.பி. கொட்டிய நிலத்தில் மணிச்சத்து ஏற்கெனவே தேவைக்கு மேல் கிடக்கலாம்.

எருவைப் பற்றிப் பேசினால்தான் சண்டை வருகிறது. இயற்கைதானே என்பார்கள். பாசிக்கு எருவும் டி.ஏ.பி.யும் ஒன்றுதான். சொந்த நிலத்தில் இடம் வீணாகும் என்று முக்கால்வாசிப் பேர் எருக்குழியை ஓடைப் புறம்போக்கில்தான் வைத்திருக்கிறார்கள். முதல் மழைக்கே பாதி சாரம் போய்விடும். எங்கள் குழியை மேட்டுக்கு மாற்றி, மேலே தென்னங்கீற்று போட்டு, கொட்டகை கழுவுகிற தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பினோம். மேல்புறத்து இரண்டு கொட்டகைத் தண்ணீர் இன்னும் ஓடைக்குத்தான் வருகிறது. ஒருவர் பைப் வாங்கிக் கொடுத்தால் திருப்புகிறேன் என்கிறார். இன்னொருவர் நான் போனாலே பேச்சை மாற்றிவிடுகிறார்.